மிதிக்கிற பெட்டியும் இரண்டாவது ஸ்டூலும்

ஆம்ப் மூலையில் கிடந்த இரண்டாவது ஸ்டூலைத் தூக்கி மாடிக் கிடங்கில் போட்டுவிட்டீர்களாம். இடத்தை அடைக்கிறது, கிட்டார் வாசித்துப் பார்க்க ஒரு ஸ்டூல் போதாதா என்று கேட்டீர்களாம். நான் வேலையை விட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் கடையைச் சீர்திருத்த ஆரம்பித்துவிட்டீர்கள். கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் தெரியாமல் செய்த பிள்ளைகளிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அந்த ஸ்டூல் அங்கே எப்படி வந்தது என்று சொல்கிறேன். கேட்டு முடித்ததும் நீங்களே போய் எடுத்து வருவீர்கள்.

யானைக்கவுனியில் இருக்கும் நம் இசைக்கருவிக் கடைக்கு வருகிறவர்கள் யார் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சர்ச் பாடகர் குழுப் பிள்ளைகள், கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாசிக்கிற மெல்லிசைக் குழுக்காரர்கள், ராயபுரத்திலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வேலை முடிந்து அழுக்குச் சட்டையோடு வந்து ஆசையாகத் தந்தியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். யாரும் பணத்தை மூட்டை கட்டிக்கொண்டு வருவதில்லை. "வெல கம்மியா இன்னா கீது?" என்றுதான் பேச்சே தொடங்கும். அதை இளக்காரமாக எடுத்துக்கொள்கிறவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை. விலை அதிகமான சாமானைக் கண்ணை மூடிக்கொண்டு விற்றுவிடலாம். குறைந்த விலைச் சாமானைப் பொருத்தமாக எடுத்துக் கொடுக்கத்தான் மூளை வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை. கடை திறந்து ஊதுபத்தி மணம்கூட அடங்கவில்லை. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தாஸ் வந்தார். பகலில் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், சாயங்காலம் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார். தந்தி வாங்க வருவார், அதனால் முகம் பழக்கம். அன்றைக்குக் கூடவே மனைவி கலாவும் வந்திருந்தாள். மணிபர்ஸ் அவள் கையில் இருந்தது.

"யக்கா, சத்தம் ஏத்துற பொட்டி ஒண்ணு குடு. கீறதுலயே பெர்சா சத்தம் வர்றதா குடு. வெல மட்டும் சின்னதா இருக்கட்டும்" என்றார் தாஸ்.

அவர் கேட்டது பூஸ்ட் பெடல். கிட்டாருக்கும், அதன் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்புக்கும் நடுவே தரையில் வைக்கிற சின்ன இரும்புப் பெட்டி. காலால் ஒரு மிதி மிதித்தால் கிட்டார் சத்தம் தூக்கலாக வரும், மறுபடி மிதித்தால் பழைய நிலைக்குப் போய்விடும். பாட்டுக்கு நடுவில் கிட்டார் தனியாக வாசிக்கிற சோலோ வரும்போது பயன்படுத்துவார்கள். நான் கண்ணாடி அலமாரியைத் திறந்து இரண்டு மூன்றை எடுத்து வைத்தேன். கலா ஒன்றைக் கையில் எடுத்து விலைச்சீட்டைப் பார்த்தாள்.

"கால்ல போட்டு மிதிக்கறதுக்கா இம்மாம் வெல? நான் செருப்பே இந்த வெலைக்கு வாங்குனதில்ல."

"சும்மா இரு கலா, பேஜார் பண்ணாத" என்று தாஸ் பல்லைக் கடித்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேட்க வேண்டும் பிள்ளைகளே. பெடல் கேட்டு வருகிறவரிடம் எந்தப் பெடல் என்று கேட்பதற்கு முன்னால், என்ன ஆயிற்று என்று கேளுங்கள். சத்தம் போதவில்லை என்று ஒருவர் வந்தால், யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தாஸ் சொன்னார். குழுத்தலைவர்தான் கீபோர்டும் வாசிக்கிறவர். முந்தின வாரம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம்: "ஒன் கிட்டாரு கூட்டத்துக்குக் கேக்கவே மாட்டுது மாமு. காலடிப்பேட்ட புரோகிராம் வரிக்கும் பாக்கறேன். அதுலயும் சோலோ கேக்கலன்னா, கீபோர்டுலயே கிட்டார் டோன் வெச்சிக்கறேன். நீ வூட்ல ரெஸ்ட் எடு." காலடிப்பேட்டை அம்மன் கோயில் ஆடித் திருவிழா நிகழ்ச்சி மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தாஸ் அந்தக் குழுவில் இருக்கிறவர். "லாரில ஒக்காந்துகினு கீறப்போ நான் டிரைவர் யக்கா. ஸ்டேஜ் ஏறுனாத்தான் நான் தாஸு" என்றார். அதைக் கேட்ட பிறகு அந்த மனுஷனுக்கு ஏதோ ஒரு பெட்டியைக் கட்டிக் கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். யாரோ ஒரு பெட்டியை மிதித்ததும் அறையே அதிர்ந்தது. நாலு திருகு, நீல விளக்கு. இதுதான் வேண்டும் என்றார். கல்லாவில் இருந்த முதலாளி அண்ணாச்சி அதைக் கேட்டுவிட்டார். தூத்துக்குடிக்காரர், காது கூர்மை. "ஏ ரோஸி, நம்மகிட்டயும் நாலு திருகு உள்ளது இருக்குல்லா? அதக் காட்டேன். எத்தன நாளா கண்ணாடிக்குள்ள கெடக்கு" என்று குரல் கொடுத்தார். எனக்கு இரண்டு பக்கமும் இடி. ஒரு பக்கம் முதலாளி, இன்னொரு பக்கம் அவசரத்தில் இருக்கிற வாடிக்கையாளர். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அந்த நேரத்தில் விற்பது சுலபம். அந்த நாலு திருகுப் பெட்டியை நம் கடையின் பெரிய ஆம்பில் போட்டுக் காட்டியிருந்தால், அடுத்த நிமிஷம் கலாவின் மணிபர்ஸ் திறந்திருக்கும்.

கடை ஆம்ப் இருக்கிறதே, அது கல்யாண வீட்டுக் கண்ணாடி மாதிரி. அதற்கு முன்னால் நின்றால் எல்லாரும் அழகுதான். அதில் எந்தப் பெடலும் நன்றாகத்தான் கேட்கும். வாங்கிக்கொண்டு போகிறவர் தன் வீட்டு ஆம்பில் மாட்டும்போது அழுவார். அதனால் நான் சொன்னேன்:

"தாஸ், உன் ஆம்பை எடுத்துக்கினு வா. அதுலதான் போட்டுப் பாக்கணும்."

"இன்னா யக்கா நீ? வியாசர்பாடி போய், மூணாவது மாடில கீறத தூக்கினு வரணுமா?"

"வரணும். இல்லன்னா விக்க மாட்டேன்."

அண்ணாச்சி கல்லாவிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

மதியத்துக்கு முன்னால் ஒரு ஆட்டோவில் திரும்பி வந்தார்கள். ஆம்ப் கலாவின் மடியில் இருந்தது. பழைய ஆம்ப், முன்பக்கத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தது. ஆம்ப் மூலையில் அப்போது ஒரு ஸ்டூல்தான். தாஸ் அதில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் எடுத்தார். கலா நின்றாள்.

ஆம்பைப் பார்த்ததுமே பாதிக் கதை எனக்குப் புரிந்துவிட்டது. சத்தத் திருகு கடைசிவரை போயிருந்தது. "எப்பவும் ஃபுல்லுதான் யக்கா, அப்பத்தான கேக்கும்" என்றார். நான் ஒரு பெடலை மாட்டி மிதிக்கச் சொன்னேன். சத்தம் ஒரு துளிகூட ஏறவில்லை. கரகரப்புதான் ஏறியது, தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி. தாஸின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப இதுவும் வேஸ்ட்டா?" என்றார்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நிறைந்த குடத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றினால் வழியத்தான் செய்யும். ஆம்பை முழுசாக ஏற்றி வைத்திருக்கிறவருக்கு உலகத்திலேயே விலையுயர்ந்த பூஸ்ட் பெடலைக் கொடுத்தாலும் கரகரப்புதான் கிடைக்கும். நான் கையை நீட்டி ஆம்பின் சத்தத்தைப் பாதியாக இறக்கினேன். தாஸ் பதறிப்போனார்.

"கேக்கலன்னுதான் வந்துகீறேன், நீ இன்னா கொறைக்கறே?"

"வாசி. சோலோ வரும்போது மிதி. கலா, நீ வாசல்ல போய் நில்லு. ரோட்டுச் சத்தத்துல கேக்குதான்னு சொல்லு."

தாஸ் அரைமனசோடு வாசித்தார். கலா வாசலில் லாரிகளுக்கு முதுகைக் காட்டி, தாஸைப் பார்த்தபடி நின்றிருந்தாள். திடீரென்று இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் தாஸ் பெட்டியை மிதித்தார். சோலோ தெளிவாக, வாசலைத் தாண்டிப் போகிற மாதிரி எழுந்தது. கலா காதிலிருந்து கையை எடுத்தாள். "கேக்குது, கேக்குது! போதும்!" என்று கத்தி, வலது கையைத் தூக்கி, காற்றில் ஒரு திருகைத் திருகுகிற மாதிரி இடது பக்கம் திருப்பிக் காட்டினாள். தாஸ் உடனே குறைத்தார்.

"வூட்ல தெனமும் இந்த சைகைதான் யக்கா. சமைக்கறப்போகூட கரண்டியாலயே காட்டுவா" என்று சிரித்தார்.

அவள் முதலில் காதைப் பொத்தினாள், அவர் அதற்குப் பிறகு மிதித்தார். அதை நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

கடைசியில் நான் கொடுத்தது ஒரே ஒரு திருகு உள்ள பெட்டி, அலமாரியில் இருந்ததிலேயே மலிவு. மேடையில் குனிந்து நாலு திருகைத் திருகிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் கிடையாது. திருகைப் பாதியில் வைத்து, இதற்கு மேல் போகாதே என்று சொன்னேன். கூடவே ஒரு சதுர பேட்டரி. ஜெனரேட்டர் கரண்டில் மலிவு அடாப்டர் போட்டால் தேனீக்கூடு மாதிரி ரீங்காரம் வரும், பேட்டரி என்றால் வராது. கலா விலையைக் கேட்டுவிட்டு, "பரவால்ல, செருப்பு வெலதான்" என்றாள். வேலை முடிந்தது என்று நினைத்தேன். உங்களைப் போலத்தான் நானும் நினைத்தேன்.

என் வீடு காலடிப்பேட்டையிலேயே இருப்பதால் மறுநாள் நிகழ்ச்சிக்கு நடந்தே போனேன். கோயில் தெருவை மறித்து மேடை போட்டிருந்தார்கள். கூழ் வார்த்து முடிந்து, ஜனங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நிறைந்திருந்தார்கள். கலா முன் வரிசை ஓரத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைத் தட்டினாள். அம்மன் பாட்டு முடிந்து மூன்றாவது பாட்டில் முதல் சோலோ வந்தது.

தாஸ் மிதித்தார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கிட்டார் ஒரு நொடி கணீரென்று எழுந்தது, அடுத்த நொடி அமுங்கிப் போனது. பேட்டரியா? ஒயரா? அடுத்த சோலோவிலும் அதேதான். தாஸ் குனிந்து, பாதிக்கு மேல் போகாதே என்று நான் சொன்ன திருகை முழுசாகத் திருகினார். மூன்றாவது சோலோவில் கிட்டார் ஒரு கீச்சோடு எழுந்து, முன்னைவிட மோசமாக அடங்கியது. கீபோர்டில் இருந்த குழுத்தலைவர் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலின் அர்த்தம் கலாவுக்கும் புரிந்தது. "முடிஞ்சிதா யக்கா?" என்று என் முழங்கையைப் பிடித்தாள்.

பயத்தில் நாம் முதலில் நம் சாமானைத்தான் சந்தேகப்படுவோம். ஒரு நிமிஷம் நின்று, சத்தம் எந்த வழியாகப் போகிறது என்று யோசியுங்கள். கிட்டார், பெட்டி, ஆம்ப், ஆம்புக்கு முன்னால் ஒரு மைக், அங்கிருந்து ஒயர் வழியாகக் கூட்டத்துக்கு நடுவே இருக்கும், எல்லாச் சத்தத்தையும் கலக்கிற மிக்ஸர். அப்புறம்தான் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்கள். நான் மிக்ஸர் பக்கம் திரும்பினேன். சவுண்டு சர்வீஸ்காரர், தலையில் துண்டு கட்டிய பெரியவர், ஒரு கையில் டீ டம்ளர், இன்னொரு கை சத்தத்தை ஏற்றி இறக்குகிற மிக்ஸர் கட்டைகள் மேல். அடுத்த தடவை கிட்டார் எழுந்ததும் அந்தக் கை தானாக ஒரு கட்டையைக் கீழே இழுத்ததைப் பார்த்தேன். கண்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

எழுந்து அவரிடம் போனேன். கலாவும் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணே, கிட்டார் சோலோ வரும்போது எறக்காதீங்க. அது வேணும்னுதான் ஏத்தறாரு."

அவருக்குக் கோபம் வரவில்லை. நியாயத்தைச் சொன்னார்: "அவன் எப்ப மிதிப்பான்னு எனுக்கு இன்னாம்மா தெரியும்? திடீர்னு எகிறுனா கை தானா போவுது. பாக்ஸு பூட்ச்சின்னா நீயா வாங்கித் தருவ? முன்னாடியே சொன்னா, மத்தத கொஞ்சம் எறக்கி அவனுக்கு வழி உட்டுருப்பேன். யாரு சொல்றா?"

யாரும் சொல்வதில்லை என்பதுதான் உண்மை. நம் பக்கத்துக் குழுக்களில் காகிதம் பார்த்து யாரும் வாசிப்பதில்லை. கூட்டம் ஆடினால் பாட்டை நீட்டுவார்கள், சோர்ந்தால் வெட்டுவார்கள். சோலோ எங்கே வரும் என்பது தலைவரின் தலையசைப்பில் இருக்கிறது. எனக்கும் தெரியாது. இடைவேளைக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு பாட்டுதான் பாக்கி. அதிலும் சோலோ அமுங்கினால் தாஸ் லாரி டிரைவர் மட்டும்தான்.

கலா சொன்னாள்: "எனுக்குத் தெரியும்."

சவுண்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஒரே ரூமு வூடுண்ணா. இத்தினி வருசமா என் காதாண்டதான் வாசிக்கறாரு. அவரு மிதிக்கறதுக்கு முன்ன தோள எறக்குவாரு. அது தெரிஞ்சாத்தான் நான் காதப் பொத்திக்க முடியும்."

முதல் நாள் கடை வாசலில் நான் பார்த்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பாட்டு தொடங்கிவிட்டது. கலா முதலில் மேடையைப் பார்த்துக் கையைத் தூக்கி, காற்றில் திருகை இடது பக்கம் திருப்பிக் காட்டினாள். அத்தனை கூட்டத்திலும் தாஸ் அதைப் பார்த்துவிட்டார். வீட்டுப் பழக்கம், மறுபேச்சு இல்லாமல் குனிந்து பெட்டியின் திருகைப் பாதிக்கு இறக்கினார். பிறகு அவள் மிக்ஸருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். தலைவர் பாட்டை நீட்டினார். கூட்டம் ஆடியது. சவுண்டுக்காரரின் விரல் இரண்டு தடவை துடித்தது.

"இன்னும் இல்லண்ணா... இல்ல... சும்மா திரும்பிப் பாக்கறாரு, அதில்ல... தபேலா ஒரு சுத்து வரும்... தோ, தோள எறக்கறாரு. இப்ப!"

சவுண்டுக்காரர் மற்ற கட்டைகளைக் கொஞ்சம் இறக்கி, கிட்டாரை மட்டும் விட்டுவைத்தார். தாஸ் மிதித்தார்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காதைக் குத்துகிற சத்தம் இல்லை. தெரு முழுக்க ஒரு ஆள் நடந்து வருகிற மாதிரி வந்தது. பின்னால் நின்ற பையன்கள் விசில் அடித்தார்கள். மாடியிலிருந்து யாரோ "ஒன்ஸ்மோர்" என்று கத்த, தெருவே கத்தியது. கலா அன்றைக்குக் காதைப் பொத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வந்தது, அதற்கென்ன?

இடைவேளையில் குழுத்தலைவர் வியர்வையைத் துடைத்தபடி மிக்ஸரிடம் வந்தார். "இன்னா மாமு, கிட்டாரு திடீர்னு சோக்கா வந்துச்சு?" என்று கேட்டார். சவுண்டுக்காரர் டீயை உறிஞ்சிவிட்டுக் கலாவைக் கைகாட்டி, நடந்ததைச் சொன்னார். தலைவர் கலாவின் பக்கம் திரும்பினார். அப்புறம், "அண்ணி, வர்ற வாரம் எண்ணூர்ல புரோகிராம். தாஸு கண்டிப்பா வரணும். நீங்களும் வந்துருங்க. இங்க ஒரு சேர் போட சொல்றேன்" என்றார்.

"வர்றேன். ஆனா அவர வூட்ல வாசிக்கறத மட்டும் கொறச்சிக்க சொல்லுங்க" என்றாள் கலா.

"கொறச்சா, அவன் எப்ப மிதிப்பான்னு உனுக்கு எப்டிம்மா தெரியும்?" என்றார் சவுண்டுக்காரர். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

மேடையில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த தாஸ் என்னைப் பார்த்ததும் இரும்புப் பெட்டியைத் தூக்கிக் காட்டி, "யக்கா! பொட்டி சூப்பரு!" என்று கத்தினார். நான் கலாவைப் பார்த்தேன். அவள் எங்கள் மூன்று பேரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

திங்கட்கிழமை அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "அந்தப் பிள்ளைய நிக்க வச்சேவா யாவாரம் பண்ணுன? காது அவளுக்குல்லா இருந்திருக்கு" என்று முணுமுணுத்தார். பிறகு கல்லாவுக்குப் பின்னால் அவர் கால் நீட்டிக்கொள்ள வைத்திருந்த ஸ்டூலைத் தானே தூக்கி வந்து ஆம்ப் மூலையில் போட்டார். வயசானவர், மூட்டு வலிக்காரர். அதற்கப்புறம் அவர் கால் நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சத்தம் வாங்க வருகிறவரோடு, அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவரும் வருவார். அவரிடமும் கேளுங்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். இதற்குமேல் இதில் எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது.

தந்தி வாங்க அவர்கள் இன்னும் நம் கடைக்குத்தான் வருகிறார்கள். ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டு வையுங்கள். தன் வாசிப்பைக் கேட்கிற ஆசையில்தான் கலா ஊர் ஊராகக் கூடவே வருகிறாள் என்று தாஸ் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். மிக்ஸர் பக்கத்தில் அவள் செய்கிறதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் நினைப்பது பொய்யும் இல்லை.